‘சனம் திருந்திவிட்டது’ என்று சொன்ன தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இலங்கையில் வீடு (தமிழரசுக் கட்சி), சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்), சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) ஆகிய சின்னங்களில் எங்களிடம் வாக்குக் கேட்ட தமிழ்த் தேசியக் கட்சிகளின் தலைவர்கள், செயலாளர்கள், மத்திய குழு உறுப்பினர்கள்

ஐயாமாரே,

உங்கள் கட்சிகளில் ஒன்றின் மாவட்டக் கூட்டத்தில், மேடையில் இருந்த மூத்தவர் ஒருவர் இப்படிச் சொன்னார்: “நவம்பரிலை நடந்தது ஒரு விபத்து. மே மாதத்திலை சனம் திருந்தியிட்டுது.” நவம்பர் என்றது 2024 பாராளுமன்றத் தேர்தலை, மே என்றது 2025 உள்ளூராட்சித் தேர்தலை. மண்டபத்தில் கைதட்டல். கேள்வி கேட்க எழுந்த என்னை, நேரம் போய்விட்டது என்று சொல்லி இருத்திவிட்டார்கள். அங்கே கேட்க விடாததை இங்கே எழுதுகிறேன். எந்தக் கட்சி, யார் சொன்னார் என்று எழுதமாட்டேன். அந்த வசனம் ஒருவருடைய சொத்தில்லை. உங்களில் யாருடைய அலுவலகத்துக்குப் போனாலும் ஏதோ ஒரு வடிவில் அது காதில் விழுகிறது.

நான் யாழ்ப்பாண மாவட்டத்து வடமராட்சியில் ஒரு கிராமக் கட்சிக் கிளையின் செயலாளராக இருந்தவன். கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். காணி, கோயில், பள்ளிக்கூடம், வாசிகசாலை, மொழி எல்லாவற்றையும் எங்களுக்குக் கிடைத்தபடியே, முடிந்தால் கொஞ்சம் திருத்தி, அடுத்த தலைமுறையிடம் கொடுக்கவேண்டும் என்று நினைக்கிறவன். ஊர்ப் பெடியள் என்னைப் பழமைவாதி என்கிறார்கள். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. சமஷ்டிக் (கூட்டாட்சிக்) கோரிக்கையை நான் கைவிடவும் இல்லை. உங்கள் கட்சிகளும் அடிப்படையில் பழமை பேணும் கட்சிகளே. ஆகவே இதை எதிராளி எழுதிய கடிதமாக எடுத்து ஒரு பக்கம் வைத்துவிடாதீர்கள்.

முதலில் அந்த ‘விபத்தை’ப் பார்ப்போம். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அனுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு (திசைகாட்டிச் சின்னம்) 80,830. எட்டுக் கிழமைக்குள் மூன்று மடங்கு. ஆறு ஆசனங்களில் மூன்று அவர்களுக்குப் போயின. வீட்டுக்கு 63,327 வாக்குகளும் ஓர் ஆசனமும். சைக்கிளுக்கு 27,986 வாக்குகளும் ஓர் ஆசனமும். எந்தக் கட்சிப் பாரம்பரியமும் இல்லாத ஒரு சுயேச்சைக் குழு சைக்கிளுக்கு ஏறத்தாழச் சமமான வாக்கோடு ஆறாவது ஆசனத்தை எடுத்தது.

நவம்பரை மட்டும் பார்த்தால் விபத்து என்ற சொல் பொருந்தும்போலத் தெரியும். ஆனால் 2015இல் எல்லாரும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாக வீட்டுச் சின்னத்தில் நின்றபோது இதே மாவட்டத்தில் வீட்டுக்கு 207,577 வாக்குகள் விழுந்தன. 2020இல் அது 112,967. பிறகு நீங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தீர்கள், 63,327. சைக்கிள்காரர் சிரிக்கவேண்டாம். 2020இல் உங்களுக்கு 55,303 இருந்தது, நாலு வருடத்தில் அது பாதியாயிற்று. பத்து வருடமாக ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிற ஒன்றை விபத்து என்று சொல்லும் ஒருவரிடம் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக்கூட நான் கொடுக்கமாட்டேன்.

“வாக்குப் பிரிந்ததுதான் காரணம், வீட்டையும் சைக்கிளையும் கூட்டினாலே அவர்களை முந்துகிறோம்” என்கிறீர்கள். கூட்டிப் பார்த்தேன், 91,313 வருகிறது. முதலிடத்தில் வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு என்பதும், ஐந்து வீதத்துக்குக் கீழே நிற்கும் பட்டியல்களுக்கு விழுந்த வாக்கு வீணாகும் என்பதும் எங்களுக்கும் தெரியும். தெரிந்த நீங்கள்தானே ஒரே தீர்வை ஒரே சொற்களில் கேட்கும் பட்டியல்களை அத்தனையாகப் போட்டீர்கள்? ஆறு ஆசனத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது பெயர். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அந்தச் சீட்டைப் பார்த்துத் தலைசுற்றினவர்கள் எத்தனை பேர், வேண்டுமென்றே பழுதாக்கினவர்கள் எத்தனை பேர் என்று விசாரிக்க உங்களில் யாராவது ஒரு கிராமத்துக்குப் போனீர்களா? எங்கள் கிராமத்துக்கு யாரும் வரவில்லை.

என் தங்கையின் மகள் திசைகாட்டிக்குப் போட்டாள். மறைக்கவில்லை, என்னிடமே சொன்னாள். இருபத்தாறு வயது, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. “ஏன் பிள்ளை?” என்று கேட்டேன். “மாமா, உங்கடை ஆக்கள் செத்த வீட்டுக்கும் திருவிழாவுக்கும் தவிர வேறை எதுக்கு ஊருக்குள்ளை வருகினம்?” என்று திருப்பிக் கேட்டாள். இனத்தை மறந்தவள் இல்லை அவள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18இல் கஞ்சி காய்ச்சுகிறவர்களோடு நிற்கிறவள். வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அந்த வழக்கைக் கொண்டுபோனது திசைகாட்டியின் தாய்க்கட்சியான ஜே.வி.பி. என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போது அவள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை. நான் சொன்னபிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதைத் தேர்தலுக்கு முதல் யாரும் எங்களுக்குச் சொல்லேல்லையே” என்றாள்.

யார் சொல்லியிருக்கவேண்டும்? அந்தத் தேர்தல் காலத்தில் எங்கள் கிளைக்குக் கூட்டம் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து அறிவித்தல் வரவில்லை. வந்தவை வாகனங்கள்தான். ஒரே பட்டியலில் நின்ற வேட்பாளர்கள் தனித்தனியாக வந்தார்கள், தனித்தனித் துண்டுப்பிரசுரம், தனித்தனி விருப்பு வாக்கு இலக்கம். ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொன்னதை எழுதினால் அச்சேறாது. சின்னத்துக்கு வாக்குக் கேட்டவரை விடத் தன் இலக்கத்துக்குக் கேட்டவர்தான் கூட. அதே மாதத் தொடக்கத்தில், இராணுவத்தின் பிடியில் 34 வருடம் அடைபட்டுக் கிடந்த பலாலி வீதியின் ஒரு துண்டை அரசாங்கம் திறந்தது. காலை ஆறு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் மட்டும், இறங்கி நிற்கவும் கூடாது. அப்படியிருந்தும் சனம் குடும்பமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அந்தத் திறப்பு தேர்தல் உத்தியாக இருக்கலாம், இருக்கட்டும். அந்த வீதியைப் பற்றிப் பாராளுமன்றத்தில் வருடக்கணக்காய்ப் பேசியவர்கள் நீங்கள். அதை ஊரில் ஒரு திண்ணையில் இருந்து சொல்ல உங்களுக்கு ஆள் இருக்கவில்லை.

இனி, மே மாதம். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் பெரும்பாலான சபைகளில் வீடு முன்னுக்கு வந்தது, உண்மை. எங்கள் ஊரில் அந்த வாக்கு ஏன் விழுந்தது என்று எனக்குத் தெரியும். வட்டாரத்தில் நின்ற பெடியன் எங்கள் வாசிகசாலைக்கு மின்குமிழ் மாட்டினவன், வெள்ளத்துக்கு மதகு துப்புரவாக்க இறங்கினவன். சனம் அவனுக்குப் போட்டது. அவனுக்கு வேட்புமனுக் கொடுக்க உங்கள் ஆட்கள் எவ்வளவு இழுத்தடித்தார்கள் என்பதையும் ஊர் அறியும். யாழ்ப்பாண மாநகரசபையில் 45 உறுப்பினர்களில் வீட்டுக்கு 13, சைக்கிள் பக்கத்துக்கு 12, திசைகாட்டிக்கு 10. மூன்றில் ஒன்றுகூட இல்லாத 13ஐ வைத்துக்கொண்டு சனம் திருந்திவிட்டது என்கிறீர்கள். ஆட்சியமைக்க எந்தெந்த வாசலுக்கு யார் யார் போனீர்கள் என்பதைப் பத்திரிகையில் படித்தோம். நேற்றுவரை அந்த வாசல்களைப் பற்றி நீங்கள் மேடையில் பேசியதும் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

தோல்விக்குப் பிறகு எழும்புவது எப்படி என்று தெற்கிடமோ தமிழ்நாட்டிடமோ கேட்கத் தேவையில்லை, உங்கள் சொந்தச் சரித்திரமே போதும். 1949 டிசம்பரில் தொடங்கிய தமிழரசுக் கட்சி 1952 பொதுத்தேர்தலில் பெற்றது இரண்டே ஆசனம். செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் நடேசனிடம் தோற்றார். மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்கு எதிராகக் தமிழ்க் காங்கிரசை உடைத்துக்கொண்டு வந்தவரை யாழ்ப்பாணம் வீட்டுக்கு அனுப்பியது. சனம் திருந்தவேண்டும் என்று அவர் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை. எங்கள் ஊர் வாசிகசாலையில் ‘சுதந்திரன்’ பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்களாம். எழுத்துத் தெரியாத தோட்டக்காரருக்கும் சமஷ்டி என்றால் என்ன என்று அப்படித்தான் தெரிந்தது என்று என் தகப்பனார் சொல்லுவார். 1956இல் அக்கட்சிக்குப் பத்து ஆசனம். சிங்களம் மட்டும் என்று தெற்கில் எழும்பிய அலை அதற்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அலை வந்தபோது பிடித்து நிறுத்த ஊருக்கு ஊர் ஆள் இருந்தது. 1961 பெப்ரவரியில் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வந்தவர்களும் அந்த ஊர்களிலிருந்து வந்தவர்களே.

அதே 1956 தேர்தலில் எங்கள் பருத்தித்துறைத் தொகுதி யாரைத் தெரிவு செய்தது என்பதை உங்கள் மேடைகளில் ஒருவரும் சொல்வதில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவை. யாழ்ப்பாணம் முதல்தடவையாக இடதுசாரிகளிடம் ஏமாந்துவிட்டது என்று இப்போது புலம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். கோயிலுக்குள் விடாத, கிணற்றில் அள்ள விடாத, தேநீர்க்கடையில் சமமாய் இருக்க விடாத ஒரு சமூகத்தில், சமமாக நடத்தியவர்கள் பக்கம் ஒரு பகுதி மக்கள் போனார்கள். கந்தையாவும் பாராளுமன்றத்தில் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்தே பேசினார். 1960இல் தமிழரசுக் கட்சி அந்தத் தொகுதியை வென்றெடுத்தது. ஆனால் ஊருக்குள் இருந்த அந்தச் சாதிப் பிணக்கு முடியவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயில் வாசலில் மறித்து நின்றவர்கள் யார் என்பதை மறக்காத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. என் கிளையின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளின் பெயர்கள் நிறைய இருக்கும். கரையோரக் குடியிருப்பிலிருந்து இரண்டு மூன்று பெயர். பனையடிப் பக்கத்திலிருந்து ஒன்றும் இல்லை. அங்கே போகவேண்டும் என்று நான் சொன்னபோது, “அவை வேறை ஆக்களுக்குப் போடுற சனம்” என்று பதில் வந்தது. போகாத இடத்தில் வாக்கு எப்படி விழும், ஐயா?

நல்லதையும் சொல்லவேண்டும். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோரச் சொல்லி மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். கோராவிட்டால் அரச காணி. காணி உறுதி (பத்திரம்) இடப்பெயர்வில் தொலைந்தவர், பிள்ளைகள் கனடாவில் இருக்கிறவர், தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்கத் தெரியாதவர் எல்லாரும் மூன்று மாதத்துக்குள் எங்கே போவது? தமிழரசுக் கட்சியின் சுமந்திரன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், ஜூன் இறுதியில் இடைக்காலத் தடை கிடைத்தது. பழமை பேணும் கட்சி செய்யவேண்டிய வேலை அது, செய்தீர்கள், நன்றி. 2017இல் கடலடியை வாரும் இழுவைமடி மீன்பிடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அப்படியான வேலையே.

ஆனால் அந்தத் தடை வருவதற்கு முந்திய கிழமைகளில் வடமராட்சி கிழக்கில் காணியுள்ள எங்கள் ஊர்க் கிழவிகள் பொலித்தீன் பையில் சுற்றிய பழைய உறுதிகளோடு என் வீட்டு வாசலில் நின்றார்கள். விண்ணப்பம் நிரப்ப ஒரு சட்டத்தரணியை அனுப்ப முடியுமா என்று கட்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். “கொழும்பிலை வழக்குப் போடப்போறம், பொறுங்கோ” என்றார்கள். கடைசியில் எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு இளம் சட்டத்தரணிப் பிள்ளை சனசமூக நிலையத்தில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இருந்து, வந்த எல்லாருடைய உறுதியையும் வாசித்துப் பார்த்தாள். ஒரு சதம் வாங்கவில்லை. அவளைக் கட்சிக்குள் கூப்பிடச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை.

எங்கள் பக்கத்துக் கிடுகு வேலியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது மதில்தான் கூட என்றாலும். வருடா வருடம் பழைய கிடுகைப் பிரித்து எறிந்து, உக்கின கதியாலை மாற்றி, புதுக் கிடுகு வைத்து அடைத்தால்தான் பாட்டன் காலத்து வேலி அதே எல்லையில் நிற்கும். தொடாமல் விட்டால் மூன்று மாரியில் மாடு உள்ளே வந்துவிடும். (அடைக்கிற சாட்டில் எல்லையை அரை முழம் தள்ளுகிறவர்களும் உண்டு, அவர்கள் கட்சிகளுக்குள்ளும் இருக்கிறார்கள்.) நீங்கள் எல்லையைப் பற்றிப் பேசுகிறீர்கள், அடைப்பு வேலைக்கு ஆள் பிடிக்கவில்லை.

உங்களில் சிலர் ஒற்றுமைதான் மருந்து என்கிறீர்கள். தலைவர்கள் ஒரு மேசையில் இருந்து படம் எடுத்தால் கிளைகள் உயிர்க்காது. 2013 வடக்கு மாகாணசபைத் தேர்தலில் ஒரே கூட்டமைப்பாக 38இல் 30 இடத்தை எடுத்தீர்கள். 2017இல் முதலமைச்சருக்கு எதிராக உங்கள் உறுப்பினர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தார்கள். கூட்டுறவும் விவசாயமும் கையில் இருந்த ஐந்து வருடத்தில் மிஞ்சியவை தீர்மானங்கள். 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதற்குப் பிறகு சபையே இல்லை. வேறு சிலர், இனிமேல் அபிவிருத்தியைப் பேசுவோம் என்கிறீர்கள். அது அரசாங்கத்தில் இருக்கிறவனுடைய பேச்சு. அதில் உங்களால் அவனை வெல்லமுடியாது. கோரிக்கையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கோருகிறவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், ஊருக்கு என்ன செய்கிறார்கள் என்பதையே கேட்கிறேன்.

தலைமைப் பதவிப் பிரச்சினையைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. 2024 ஜனவரியில் தமிழரசுக் கட்சி வாக்கெடுப்பு வைத்துத் தலைவரைத் தெரிவு செய்தது, 184க்கு 137. தோற்றவர் வாழ்த்தினார். நல்ல தொடக்கம் என்று மற்றக் கட்சியில் இருந்தவர்களும் மனதுக்குள் மெச்சினோம். அடுத்த கிழமை நடக்கவேண்டிய மாநாடு நடக்கவில்லை, விடயம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பிரேமதாசவுக்கு என்றது, தெரிவான தலைவர் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு என்றார். யாழ்ப்பாணத்தில் முன்னவருக்கு 121,177, பின்னவருக்கு 116,688. சனம் உங்களைப் போலவே இரண்டாய்ப் பிரிந்தது. நவம்பரில் களைத்துவிட்டது.

இனி என் கோரிக்கைகள்.

‘சனம் திருந்தியிட்டுது’ என்று சொன்னவர் அதைப் பகிரங்கமாக வாபஸ் வாங்கவேண்டும். சொல்லாத மற்றவர்கள், தங்கள் கட்சியின் நிலைப்பாடு அது இல்லை என்று எழுத்தில் தரவேண்டும்.

2024 தோல்வி பற்றி ஒவ்வொரு கட்சியும் ஒரு மீளாய்வு அறிக்கை எழுதவேண்டும். மாகாணசபைத் தேர்தலுக்கு வேட்புமனுக் கேட்பதற்கு முதல் அது வெளிவரவேண்டும். யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தை எடுத்து, கிளைக்காரருக்கும் வாக்குப் போடாமல் விட்டவருக்கும் ஒலிவாங்கியைக் கொடுத்து, மேடையில் இருப்பவர்கள் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். எழுதுகிற குழுவில் தோற்ற வேட்பாளர்கள் இருக்கக்கூடாது.

உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து புதிதாக எழுதுங்கள். எந்தக் குடியிருப்பிலிருந்து எத்தனை பேர் என்பது அதில் தெரியவேண்டும். ஒன்றுமில்லாத குடியிருப்புக்கு மத்திய குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பாக இருக்கவேண்டும். கிளை நிர்வாகத்தை இரகசிய வாக்கெடுப்பால் தெரிவு செய்யுங்கள்.

நீதிமன்றத்தில் இருக்கும் கட்சிப் பிணக்குகளை வழக்காளிகளே இருந்து பேசி முடித்து, மாநாட்டைக் கூட்டுங்கள்.

மாகாணசபைப் பட்டியலில் பாராளுமன்றத்தில் இருந்து ஓய்ந்தவர்களைப் போடவேண்டாம். மூன்றில் ஒரு பங்கு முப்பத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கட்டும். உள்ளூராட்சிச் சட்டம் கட்டாயப்படுத்துவதால் பெண்களின் பெயரைக் கடைசியில் தேடுகிற பழக்கத்தை விடுங்கள். 1998இல், உயிருக்கு உத்தரவாதமில்லாத காலத்தில், யாழ்ப்பாணத்துக்கு மேயராக நின்று அதற்காகவே கொல்லப்பட்டவர் சரோஜினி யோகேஸ்வரன். தன் பட்டியலில் உள்ள சக வேட்பாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்கிறவருக்கு அடுத்த தடவை வேட்புமனு இல்லை என்று யாப்பில் எழுதுங்கள்.

ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் மாதத்தில் இரண்டு நாள் காணி மேசை ஒன்று போடுங்கள். உங்களிடம் இல்லாத எதுவும் அதற்குத் தேவையில்லை, சட்டத்தரணிகள்தான் நிறைய இருக்கிறீர்களே.

வெளிநாட்டிலிருந்து வந்த காசையும் சேர்த்து, தேர்தல் வரவு செலவைக் கிளைகளுக்கு அனுப்புங்கள்.

பதிலை எனக்குத் தனியாக எழுதவேண்டாம். கிளைகளுக்கு எழுதுங்கள். கிளை இல்லாத ஊர்களுக்கு நேரே வந்து சொல்லுங்கள், வருவதற்கு முதல் ஊர் வாசிகசாலையில் நாளையும் நேரத்தையும் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து
முன்னாள் கிளைச் செயலாளர் ஒருவன்